மாத்திரை வரவழைக்கும் மாதவிலக்கு

ஹார்மோன் சிகிச்சை எடுக்கும் பெண்ணுக்கு மாதம் தவறாமல் இரத்தப்போக்கு வந்துகொண்டிருந்தால், "இவங்களுக்கு இன்னும் நிக்கலை" என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தப் பெண்ணும் அப்படியே நம்பிவிடுகிறார். பல நேரங்களில் அது தவறான முடிவு. அந்த இரத்தத்தை வரவழைப்பது மாத்திரை. சினைப்பைக்கு அதில் பங்கே இல்லாமல் இருக்கலாம். சினைப்பை முழுதாக ஓய்ந்து மூன்று வருடம் ஆன பிறகும், மாத்திரைக் கணக்கு முடியும் நாளை ஒட்டி இரத்தம் படத்தான் செய்யும். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் சாதனம் பொருத்திக்கொண்ட பெண்ணுக்கு வருடக்கணக்கில் ஒரு சொட்டும் படாமல் போகலாம்; உள்ளே சினைப்பை அவ்வப்போது முட்டை விட்டுக்கொண்டிருக்கும்.

ஆக, மாதவிடாய் நின்றதை அறிய ஊருக்கே தெரிந்த ஒரே அடையாளம், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து செல்லாததாகிவிடுகிறது. வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். அவை என்னென்ன, எது எந்த அளவுக்கு நம்பத்தக்கது, எதற்காகக் காசைக் கரைக்க வேண்டியதில்லை என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரம் கடைவீதியில் பூ விற்கும் 49 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு மாதவிலக்கு தடுமாறத் தொடங்கியது. நாற்பது நாள், அறுபது நாள், பிறகு இருபதே நாள். இராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து, குப்பென்று வேர்த்து, புடவை நனைந்து எழுந்து உட்காருவார். தூக்கம் போனது. மருத்துவர் பரிசோதித்து ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுத்தார். வேர்வை அடங்கியது, தூக்கம் திரும்பியது, மாதவிலக்கும் இளவயதில் வந்ததைப்போல ஒழுங்காக வருகிறது. இந்த முறை மாத்திரை வாங்கப் போனபோது கேட்கிறார்: "டாக்டரம்மா, எனக்கு நின்னுடுச்சா, இல்லையா?"

நல்ல மருத்துவர் இதற்கு உடனே பதில் சொல்லமாட்டார். திருப்பிக் கேட்பார்: "மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்திக்கிட்டீங்க?"

அந்த ஒரு தேதி போதும். வேறு எந்தக் காரணமும் இல்லாமல் தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராதிருந்தால், கடைசியாக வந்ததே இறுதி மாதவிலக்கு என்று உலகமெங்கும் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். அதாவது, நின்ற நாளை அந்த நாளிலேயே யாராலும் சொல்ல முடியாது. ஒரு வருடம் காத்திருந்து, திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பூ விற்கும் பெண்ணுக்கு மாத்திரை தொடங்கும் முன்பே அந்த 12 மாதம் நிறைந்திருந்தால், கேள்வி அன்றே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மாத்திரையால் எத்தனை மாதம் இரத்தம் வந்தாலும் அந்த முடிவு மாறாது. அவருக்கோ மாதவிலக்கு தடுமாறிக்கொண்டிருந்தபோதே சிகிச்சை தொடங்கிவிட்டது. அதனால் கணக்கு பாதியில் நிற்கிறது. ஹார்மோன் சிகிச்சை எடுக்கும் பெண்களில் கணிசமானோர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள், ஏனென்றால் வேர்வையும் தூக்கமின்மையும் மிகக் கடுமையாக இருப்பது பலருக்கு இந்தத் தடுமாற்றக் காலத்தில்தான்.

அந்த இரத்தம் எங்கிருந்து வருகிறது

1975 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளியாயின. மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகளுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்துவந்த பெண்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று அவை காட்டின. காரணம் எளிது. ஈஸ்ட்ரோஜன் உட்சுவரை வளர்க்கும். வளர்ந்ததை அடக்க இன்னொரு ஹார்மோன் வேண்டும். இயற்கையில் அந்த வேலையைச் செய்வது புரோஜெஸ்ட்ரோன். அதன் பிறகு, கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தையும் சேர்த்தே கொடுப்பது விதியானது.

சேர்த்துக் கொடுப்பதில் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் ஈஸ்ட்ரோஜன் தினமும், புரோஜெஸ்ட்ரோன் மாதத்தில் 12 முதல் 14 நாள் மட்டும். புரோஜெஸ்ட்ரோன் நாட்கள் முடியும் தறுவாயிலோ முடிந்த சில நாட்களிலோ வளர்ந்த உட்சுவர் உதிர்ந்து இரத்தமாக வரும். மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்காதவர்களுக்கும், நின்று ஒரு வருடம் ஆகாதவர்களுக்கும் கொடுப்பது இந்த வகை. இரண்டாம் வழியில் இரண்டு மருந்தும் தினமும், இடைவெளியே இல்லாமல். உட்சுவர் வளரவே வாய்ப்பில்லாததால் சில மாதங்களில் இரத்தம் படுவது நின்றுவிடும். ஒரு வருடம் நிறைந்தவர்களுக்கு இது. டிபோலோன் என்ற மாத்திரையும் ஒரு வருடம் நிறைந்தவர்களுக்கு மட்டுமே உரியது.

எந்த வகையை எடுக்கிறோம் என்பது பல பெண்களுக்குத் தெரியாது. இது அவர்களுடைய குற்றமல்ல. சொல்ல வேண்டியவர்கள் சொல்லியிருக்க வேண்டும். மருந்துச் சீட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஒரு மாத்திரை எல்லா நாளும், இன்னொன்று மாதத்தில் பாதி நாள் என்று எழுதியிருந்தாலோ, ஒரே அட்டையில் இரண்டு நிற மாத்திரைகள் இருந்தாலோ, அது முதல் வகை. மாதாமாதம் இரத்தம் வருவது எதிர்பார்த்ததுதான். எல்லா நாளும் ஒரே மாதிரி விழுங்கினால் இரண்டாம் வகை. அதில் முதல் ஆறு மாதம் விட்டுவிட்டுப் படுவது சகஜம்; அதற்குமேல் சகஜமல்ல.

முதல் வகை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது, இரத்தம் வரும் நாள். மூன்று நான்கு மாதம் தொடர்ந்து புரோஜெஸ்ட்ரோன் முடியும் நேரத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் வந்தால், அது மாத்திரையின் வேலை என்று கொள்ளலாம். மாத்திரைக் கணக்குக்குச் சம்பந்தமில்லாத நாளில், ஒரு மாதம் முன்னால், ஒரு மாதம் நடுவில் என்று வந்தால், சினைப்பை இன்னும் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கலாம். அல்லது மருத்துவர் பார்க்க வேண்டிய வேறு காரணம் இருக்கலாம். முதல் வகை எடுத்தும் இரத்தமே வராத பெண்கள் சிலர் உண்டு. உட்சுவர் மெல்லிதாக இருப்பதால் அப்படி ஆகிறது. மாதவிடாய் நின்றுவிட்டது என்பதற்கு அது சான்றாகாது.

கணக்கைக் கலைக்கும் மற்ற மருந்துகள்

ஹார்மோன் சிகிச்சை என்று பெயர் சொல்லாமலே பெண்கள் உடம்புக்குள் போகும் ஹார்மோன்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். அவற்றில் முதலாவது, விசேஷத்துக்காக நாள் தள்ளிப்போடும் மாத்திரை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசைக்குப் போக வேண்டும், மகள் கல்யாணம், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டால் நோரெதிஸ்டிரோன் மாத்திரை கிடைக்கிறது. விசேஷம் முடிந்து மாத்திரையை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் இரத்தம் வரும். 46 வயதுப் பெண்ணுக்கு எட்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். "ஒருவேளை வந்துட்டா?" என்ற பயத்தில் திருவிழாவுக்கு இந்த மாத்திரையைப் போடுகிறார். நிறுத்தியதும் இரத்தம் படுகிறது. "திரும்ப வந்துடுச்சு" என்று நினைத்து எட்டு மாதக் கணக்கை அழித்துவிடுகிறார். உண்மையில் அது மாத்திரைக்கு வந்தது. அந்த நிகழ்வைத் தேதியோடு குறித்து மருத்துவரிடம் சொன்னால், கணக்கை எங்கிருந்து தொடர்வது என்று அவர் முடிவுசெய்வார். சொல்லாவிட்டால் அவருக்கும் தெரிய வழியில்லை.

இந்த மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சாமி கும்பிட உடம்பை மாத்திரையால் அடக்க வேண்டிய நிலை பெண்ணுக்கு இருக்கக் கூடாது. அந்த வழக்கம் மாறும்வரை, குறைந்தபட்சம் மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நல்லது; காலில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்தாகலாம்.

அடுத்தது, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் சாயா மாத்திரை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஓர்மிலாக்சிஃபீன்தான் இது. 1990களின் தொடக்கத்தில் சஹேலி என்ற பெயரில் வந்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரம் ஒன்று. கருத்தடைக்கு வந்த இந்த மாத்திரையை, நாற்பதுகளில் அதிக இரத்தப்போக்குக்கும் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். இதை எடுக்கும்போது மாதவிலக்கு குறையும், தள்ளிப்போகும், சிலருக்கு மாதக்கணக்கில் வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் அப்படியே. ஊசியை நிறுத்திய பிறகும் அதன் விளைவு நீங்கப் பல மாதம் ஆகும். இவற்றில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்போது 12 மாதம் இரத்தம் வராவிட்டாலும், அதை மாதவிடாய் நின்றதாக எண்ணக் கூடாது.

தைராய்டு கோளாறு, மனநலத்துக்கான சில மருந்துகள், கர்ப்பப்பைக் காசநோய், கடுமையான எடைக் குறைவு ஆகியவையும் மாதவிலக்கை நிறுத்தும். கர்ப்பமும்தான். 45 வயதில் நாள் தள்ளிப்போனால் "இனிமே என்ன" என்று விட்டுவிடாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. அந்த ஆபரேஷனில் கட்டப்படுவது கருக்குழாய் மட்டுமே, சினைப்பையைத் தொடுவதில்லை. அதனால் சீக்கிரம் நின்றுவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. பிறப்புறுப்பில் வறட்சிக்குத் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பும் கணக்கைக் கலைக்காது. இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம்.

இரத்தப் பரிசோதனை பதில் சொல்லுமா?

எஃப்.எஸ்.எச். என்ற பரிசோதனையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையை வேலைவாங்க அனுப்பும் ஹார்மோன் அது. சினைப்பை சோர்ந்துபோனால் பிட்யூட்டரி இன்னும் அதிகமாக அனுப்பும். இரத்தத்தில் அளவு ஏறும். 30க்கு மேல் என்றால் சினைப்பை ஓய்கிறது என்று பொதுவாகக் கொள்வார்கள். கேட்கும்போது நேரான கணக்காகத் தோன்றுகிறது.

சிக்கல் இரண்டு. தடுமாற்றக் காலத்தில் இந்த அளவு மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். இன்றைக்கு 40 காட்டி, அடுத்த மாதமே சினைப்பை ஒரு முட்டையை விட்டுவிடும். இரண்டாவது சிக்கல் இந்த அத்தியாயத்துக்கு நேரடியானது: ஹார்மோன் சிகிச்சையில் உள்ள ஈஸ்ட்ரோஜனே அந்த அளவை இறக்கிவிடும். மாத்திரை எடுக்கும்போது அளவு குறைவாக இருந்தால் எதையும் சொல்ல முடியாது. பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2015இலேயே, 45 வயதுக்கு மேல் அறிகுறிகள் உள்ள பெண்ணுக்கு மாதவிடாய் நிற்பதை அறிய எஃப்.எஸ்.எச். பார்க்க வேண்டாம் என்று மருத்துவர்களிடம் சொல்லிவிட்டது. வயதும் அறிகுறியும் மாதவிலக்கு வரலாறும் போதும் என்பதே அதன் நிலை.

எனவே, மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே பரிசோதனைக் கூடத்தில் "ஹார்மோன் பேக்கேஜ்" என்று மொத்தமாக எடுப்பது அந்தக் குடும்பத்துக்கு வீண் செலவு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறும் பெண்ணுக்கு இது சின்ன விஷயமல்ல. ஹார்மோன் சாதனம் பொருத்திய 50 வயதைக் கடந்தவர்கள் விதிவிலக்கு. அந்தச் சாதனம் எஃப்.எஸ்.எச். அளவை அவ்வளவாகக் கலைக்காததால், 30க்கு மேல் காட்டினால் இன்னும் ஒரு வருடத்துக்குப் பிறகு கருத்தடையை விட்டுவிடலாம் என்று மருத்துவர்கள் கணக்கிடுவதுண்டு. சாதனத்தோடு ஈஸ்ட்ரோஜனும் சேர்த்து எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது. நாற்பது வயதுக்கு முன்பே மாதவிலக்கு நிற்பவர்களுக்கும் இந்தப் பரிசோதனை அவசியம். சிகிச்சை தொடங்கும் முன் சில வார இடைவெளியில் இரண்டு முறை எடுப்பார்கள்.

வயது என்ற சாட்சி

இரத்தமும் பரிசோதனையும் கைவிட்ட இடத்தில் மிஞ்சுவது வயது. இந்திய மாதவிடாய் நிறுத்தச் சங்கம் நாடு தழுவி எடுத்து 2016இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46.2 என்று வந்தது. மேலை நாடுகளில் 51. பிரிட்டனின் வல்லுநர்கள், 54 வயதில் 80 சதவீதப் பெண்களுக்கு மாதவிடாய் நின்றிருக்கும் என்ற மதிப்பீட்டை வைத்து, முதல் வகை எடுப்பவர்களை 54 வயதுக்குள்ளோ, முதல் வகையில் ஐந்து வருடம் முடிந்ததுமோ இரண்டாம் வகைக்கு மாற்றச் சொல்கிறார்கள். ஐந்து வருடக் கணக்குக்குக் காரணம், முதல் வகையை நெடுநாள் நீட்டித்தால் உட்சுவரில் ஆபத்து சற்றே கூடுகிறது. நம் பெண்களுக்கு நான்கைந்து வருடம் முன்னதாகவே நிற்பதால், இங்கே 54 வரை காத்திருக்காமல் மருத்துவர் முன்கூட்டியே மாற்றிப் பார்க்கலாம்.

மாற்றிப் பார்ப்பதே ஒரு வகைச் சோதனைதான். இரண்டாம் வகைக்கு மாறிய சில மாதத்தில் இரத்தம் படுவது முற்றிலும் நின்றால், சினைப்பை ஓய்ந்துவிட்டது என்று நம்ப இடமுண்டு. ஆறு மாதம் ஆகியும் ஒழுங்கின்றிப் படுகிறது, ஸ்கேனிலும் உட்சுவர் பரிசோதனையிலும் கோளாறு எதுவும் இல்லை என்றால், மாற்றியது அவசரமாகிவிட்டது என்று பொருள். திரும்ப முதல் வகைக்குப் போய், சில காலம் கழித்து மறுபடி முயலலாம்.

வயதை நம்புவதில் இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு தடை உண்டு. கல்வராயன் மலையில் 50 வயதை ஒட்டிய பல பெண்களுக்குப் பிறந்த தேதி நிச்சயமில்லை. ஆதார் அட்டையில் ஜனவரி 1 என்று இருக்கும், அல்லது வருடம் மட்டும் இருக்கும். அந்த வருடமும் யாரோ முகத்தைப் பார்த்துச் சொன்னது. அட்டை 54 என்றால் உண்மை 49ஆக இருக்கலாம், 57ஆகவும் இருக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறையை இங்கே கைக்கொள்ளலாம்: எல்லோருக்கும் நினைவிருக்கும் நிகழ்ச்சிகளை வைத்து வயதைக் கட்டுவது. கல்வராயன் மலையை ஆண்டுவந்த ஜாகீர்தார்களிடமிருந்து அது அரசின் கைக்கு வந்தது 1976இல். அப்போது அவர் பிறந்திருந்தாரா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கலாம். எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பரில் வயதுக்கு வந்திருந்தாரா? சுனாமி வந்த 2004 டிசம்பரில் மூத்த பிள்ளை எந்த வகுப்பில் படித்தது? இப்படி மூன்று நான்கு கேள்வியில் வயது இரண்டு வருட இடைவெளிக்குள் வந்துவிடும். சந்தேகம் மிஞ்சினால், குறைந்த வயதையே உண்மையான வயதாகக் கொண்டு முடிவெடுப்பது பாதுகாப்பு.

கருத்தரிக்கும் வாய்ப்பைப் பொறுத்தவரை வயதுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்துக்குக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரை கருத்தடை மாத்திரை அல்ல. இரண்டும் ஹார்மோன்தானே என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யாதவர்கள், 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றால் அதன் பிறகு இரண்டு வருடமும், 50க்குப் பிறகு நின்றால் ஒரு வருடமும் கருத்தடையைத் தொடர வேண்டும். நின்ற நாள் தெரியாதபடி மாத்திரை மறைத்திருந்தால், 55 வயதில் விட்டுவிடலாம். அதற்குமேல் இயற்கையாகக் கருத்தரிப்பது மிக மிக அரிது. நாற்பதுக்குப் பின் வைத்த காப்பர்-டியை மாதவிடாய் நிற்கும்வரை எடுக்காமல் விடலாம்; நின்ற பிறகு எடுத்துவிட வேண்டும்.

கர்ப்பப்பை எடுத்தவர்கள்

இவர்களுக்கு எண்ணுவதற்கு மாதவிலக்கே இல்லை. ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 3.3 சதவீதம் பேர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள் என்று தெரியவந்தது. பெரும்பாலான அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களைப் பற்றி 2019இல் நீலம் கோர்ஹே தலைமையிலான குழு விசாரித்தபோது, கணக்கெடுத்த 82,309 பேரில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. வேலைக்கு ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டும். மாதவிலக்கு வந்தால் வேலைக்குப் போக முடியாது. அந்த நெருக்கடிதான் பல பெண்களை அறுவை மேசைக்குத் தள்ளியது. தேவையற்ற கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கும் இந்த மாவட்டத்தில், கரும்பு வெட்டு என்பது என்ன மாதிரி வேலை என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கர்ப்பப்பை எடுத்த பெண்ணிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா? நிறையப் பேருக்குத் தெரியாது. "எல்லாத்தையும் எடுத்துட்டாங்க" என்பார்கள். எல்லாம் என்றால் என்ன என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் அது எழுதப்பட்டிருக்கும். காப்பீட்டுத் திட்டத்தில் செய்த அறுவை என்றாலும் அந்தத் தாள் கொடுத்திருப்பார்கள். ரேஷன் கார்டோடு அதையும் பத்திரப்படுத்த வேண்டும். தொலைந்திருந்தால் அறுவை செய்த மருத்துவமனையில் நகல் கேட்கலாம்.

இரண்டு சினைப்பையும் போயிருந்தால், மாதவிடாய் நின்ற நாள் அறுவை நடந்த நாள்தான். வேறு எதையும் தேட வேண்டாம். வயது 45க்குள் என்றால், வேறு தடை இல்லாதவர்களுக்கு, இயற்கையாக நிற்கும் வயது வரை ஹார்மோன் சிகிச்சை கொடுப்பதே எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது. சினைப்பைகளை விட்டுவைத்திருந்தால் அவை தொடர்ந்து வேலை செய்யும், ஆனால் பலருக்குச் சில வருடம் முன்னதாகவே ஓய்ந்துவிடும். ஓய்ந்ததற்கு அடையாளம் வேர்வையும் தூக்கமின்மையும்தான். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கும் பெண்ணுக்கு அந்த அடையாளமும் தெரியாது. நல்லவேளையாக, இவர்களுக்கு நின்ற நாள் துல்லியமாகத் தெரியாவிட்டாலும் பெரிய இழப்பில்லை. கர்ப்பமாகும் பேச்சில்லை, உட்சுவரைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற சில நிலைகளைத் தவிர புரோஜெஸ்ட்ரோனும் தேவையில்லை. முடிவுசெய்ய வேண்டியது எவ்வளவு காலம் தொடர்வது என்பது மட்டுமே.

காத்திருக்கக் கூடாத இரத்தம்

மாதவிடாய் நின்றதா என்ற கேள்வியைவிட அவசரமானது இது. 12 மாதம் முழுதாக நின்ற பிறகு, எந்த மருந்தும் எடுக்காத பெண்ணுக்கு ஒரு நாள் இரத்தம் பட்டாலும், ஒரு துளியே ஆனாலும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வந்த, மாதவிடாய் நின்ற பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இப்படிப்பட்ட இரத்தப்போக்கு இருந்தது என்று 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. மறுபுறம், அப்படி இரத்தம் பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இல்லை. ஆகவே அலற வேண்டாம்; ஆனால் தள்ளிப்போடவும் கூடாது.

ஹார்மோன் எடுப்பவர்களுக்கு எல்லைகள் சற்று வேறு. தொடங்கிய முதல் ஆறு மாதத்திலும், மருந்தையோ அளவையோ மாற்றிய மூன்று மாதத்திலும் ஒழுங்கின்றிப் படுவது வழக்கம். அதற்குப் பிறகும் நீடித்தால், அல்லது முற்றிலும் நின்று பல மாதம் கழித்துத் திரும்ப வந்தால், பிறப்புறுப்பு வழியே ஸ்கேன் எடுப்பார்கள். இரண்டாம் வகை எடுப்பவருக்கு உட்சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, முதல் வகை எடுப்பவருக்கு 7 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ உட்சுவரில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஸ்கேன் எடுப்பவரிடம் எந்த மாத்திரை எடுக்கிறோம் என்று சொல்லாவிட்டால், 6 மில்லிமீட்டரை எப்படிப் புரிந்துகொள்வது என்று அவருக்குத் தெரியாது. அட்டையையே கையில் கொண்டுபோவது மேல்.

தாம்பத்தியத்துக்குப் பிறகு இரத்தம் படுவது, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகிய இரண்டும் கர்ப்பப்பை வாயைப் பார்க்கச் சொல்கின்றன. அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையைத் தமிழ்நாடு 2007இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் முதலில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். மலையிலிருந்து இறங்கி வருபவர்கள் அதற்காகவே தனியாக வர வேண்டாம். கிராமத்து நர்ஸம்மாவிடம் சொல்லிவைத்தால், சர்க்கரைக்கோ பிரஷருக்கோ வரும் நாளிலேயே முடித்துக்கொள்ளலாம். ஸ்கேனும் துணுக்குப் பரிசோதனையும் தேவைப்பட்டால், 2022 ஜனவரியில் தொடங்கிய கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

நிறுத்திப் பார்ப்பது

சிலருக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றிருக்கும். அவர்களுக்கு ஒரு வழி உண்டு: மருத்துவரோடு பேசி, சில வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பது. ஆறு வாரம் போல இடைவெளி விட்டு எஃப்.எஸ்.எச். எடுத்தால் அந்த அளவுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. இரண்டு முறை எடுத்தால் இன்னும் கொஞ்சம். கருத்தடையை இடையில் விட்டுவிடக் கூடாது. நிறுத்திய உடனே ஒருமுறை இரத்தம் படலாம். அது கடைசி மாத்திரைகளின் விளைவு. கணக்கை அதற்குப் பிறகு தொடங்க வேண்டும்.

நிறுத்தியதும் வேர்வை திரும்பினால், "அப்படின்னா எனக்கு இன்னும் முடியலை" என்று பெண்கள் முடிவுசெய்கிறார்கள். அந்த முடிவுக்கு அடிப்படை இல்லை. அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2015இல் சொன்னது: அடிக்கடி வேர்க்கும் பெண்களுக்கு அந்தத் தொல்லை நடுக்கணக்கில் 7.4 வருடம் நீடித்தது. இறுதி மாதவிலக்குக்குப் பிறகு மட்டும் 4.5 வருடம். மாதவிடாய் முழுமையாக நின்ற பின்பும் உடம்பு கொதிப்பது இயல்பே. மெதுவாகக் குறைத்து நிறுத்தினால் அந்த நேரத்துக்குத் தொல்லை சற்றுக் குறையலாம். நாளடைவில் இரண்டு வழிக்கும் வித்தியாசமில்லை. தாங்க முடியாவிட்டால் திரும்பத் தொடங்குவதில் தவறில்லை.

இத்தனைக்கும் அடிப்படை ஒரு குறிப்பு. தினசரிக் காலண்டரில் குறித்தால் மறுநாளே தாள் கிழிபட்டுப் போகும். மாதக் காலண்டரில் குறிப்பது நல்லது. சிகிச்சைக்கு முன் கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, மாத்திரை தொடங்கிய தேதி, மாத்திரையின் பெயர், ஒவ்வொரு முறை இரத்தம் பட்ட நாள், எத்தனை நாள் நீடித்தது, இடையில் திருவிழாவுக்கோ அதிகப் போக்குக்கோ போட்ட மாத்திரை: இவ்வளவு போதும். எழுதத் தெரியாதவர்கள் பேத்தியிடம் சொல்லி ஒரு புள்ளி வைக்கச் சொல்லலாம். தேதி நினைவில்லாவிட்டால் "ஆடிப் பதினெட்டுக்கு அப்புறம்", "கரும்பு வெட்டு முடிஞ்சதும்", "மரவள்ளி பிடுங்கினப்ப" என்று சொன்னாலும் மருத்துவரால் மாதத்தைக் கண்டுபிடித்துவிட முடியும். வருடம் முடிந்து புதுக் காலண்டர் மாட்டும்போது, பழையதைக் கடைக்குப் போடாமல் டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும் அதே பையில் வைக்க வேண்டும்.